"லிமிட்டெட்" என்றால் விலை ஏறுமா? சேகரிப்புப் பொருள்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

"வாங்கி வைங்க அக்கா, இது லிமிட்டெட். பின்னால விலை ஏறும்."

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இந்தப் பேச்சை நான் கேட்காத இடமில்லை. கைப்பேசி உறை விற்கும் கடை, இரவுச் சந்தை, முடிவெட்டும் கடை, போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில்கூட. பக்கத்து வீட்டு அக்கா தன் மகளுக்கு ஒரு லபுபு பொம்மை வாங்க ஈப்போவுக்குப் போனார். ஆறு பெட்டியோடு திரும்பி வந்தார். ஒன்றை மகளிடம் கொடுத்துவிட்டு, மீதி ஐந்தையும் பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"நகை மாதிரிதானே தம்பி? மக படிப்புக்கு ஆகும்ல?" என்றார்.

வாசலில் நின்றபடி பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. நானும் இருபது வருடமாகச் சின்னச் சின்ன சாமான்கள் சேகரிக்கிறவன். இந்தப் பழக்கம் எவ்வளவு சந்தோஷம் தரும் என்று தெரியும். எங்கே கையைச் சுடும் என்றும் தெரியும். லிமிட்டெட், அரிது, பழசு, விலை அதிகம் என்ற நான்கையும் நாம் ஒன்று போலவே பேசுகிறோம். நான்கும் வேறு வேறு. அக்காவுக்குச் சொல்ல நினைத்ததைப் பொறுமையாக இங்கே எழுதுகிறேன்.

## நகையும் பொம்மையும்

அக்கா கேட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம். ஒரு தங்கச் சங்கிலியை விற்கப் போனால் கடைக்காரர் என்ன செய்கிறார்? எடை போடுகிறார், உரசிப் பார்க்கிறார், அன்றைய விலையால் பெருக்குகிறார். சங்கிலியின் வேலைப்பாடு அவருக்குப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, உருக்கிவிடுவார். நாம் இழப்பது செய்கூலியும் சேதாரமும்தான். தங்கம் தங்கமாகவே இருக்கிறது.

பொம்மையை உருக்கினால் என்ன கிடைக்கும்? கொஞ்சம் வினைல், கொஞ்சம் துணி, கொஞ்சம் பஞ்சு. நாம் கொடுத்த விலையில் மூலப்பொருளின் பங்கு மிகக் குறைவு. மற்றதெல்லாம் செய்கூலியும், "எனக்கு இது வேண்டும்" என்ற ஆசையும்தான். ஆகவே அதை விற்க வேண்டுமென்றால், அதே ஆசையுள்ள இன்னொரு ஆள் தேவை. தங்கத்துக்கு அந்த ஆளை நாம் தேட வேண்டியதில்லை, நகைக்கடைப் பலகையிலேயே அன்றைய விலை எழுதியிருக்கும். பொம்மைக்குத் தேட வேண்டும்.

மக்கள் வரிசையாகச் சேர்க்க வேண்டும் என்ற நோக்கத்தோடே தொழிற்சாலை செய்யும் பொருளைத் தயாரிப்புச் சேகரிப்புப் பொருள் என்று சொல்வோம். தபால்தலையும் நாணயமும் இந்த வகையில் சேராது. அவை வேறு வேலைக்காகப் பிறந்து, பிறகு சேகரிப்பவர் கைக்கு வந்தவை. இந்த வகைக்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு டென்மார்க்கில் இருக்கிறது. பிங் அண்ட் குரோண்டால் என்ற பீங்கான் நிறுவனம் 1895-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தட்டு ஒன்றை வெளியிட்டது. ஒவ்வொரு வருடமும் ஒரு புதுத் தட்டு, அந்த வருடம் முடிந்ததும் அச்சை உடைத்துவிடுவார்கள். "இந்த வருடம் விட்டால் கிடைக்காது" என்று சொல்லி விற்கும் வழக்கத்துக்கு வயது நூற்றிருபதைத் தாண்டிவிட்டது.

## கூடையும் அதன் தொங்கட்டானும்

என் பெரியம்மா மகன் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் படித்துவிட்டுத் திரும்பியபோது எனக்கு ஒரு கூடை கொண்டுவந்தார். மேப்பிள் மரத்தை மெல்லிய பட்டைகளாகச் சீவி, கையால் முடைந்தது. அடிப்பக்கம் முடைந்தவரின் பெயரெழுத்தும் தேதியும் இருந்தன. கைப்பிடியில் நூலால் கட்டிய ஒரு குட்டிப் பீங்கான் ஆப்பிள் தொங்கியது. இப்படிக் கூடையில் கட்டித் தொங்கவிடும் அலங்காரத் துண்டுக்கு டை-ஆன் என்று பெயர். நான் சேகரிக்கத் தொடங்கியது அந்த ஆப்பிளிலிருந்துதான். இப்போது என்னிடம் பதினோரு டை-ஆன்கள் இருக்கின்றன.

அந்தக் கூடையைச் செய்தது லாங்கபர்கர் நிறுவனம். டேவ் லாங்கபர்கர் என்பவர், கூடை முடையத் தெரிந்த தன் தந்தையிடம் கேட்டுச் சில கூடைகளைச் செய்து விற்றுப் பார்த்து, 1973-ம் ஆண்டு தொடங்கிய தொழில். கடையில் விற்காமல் வீடுகளில் பெண்கள் கூடிப் பேசும் விருந்துகளில் விற்றார்கள். நம் ஊரில் டப்பர்வேர் கூட்டத்துக்குப் போன அம்மாக்களுக்கு இந்த முறையை விளக்கவே வேண்டாம்: தோழி வீட்டில் தேநீர் குடித்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து வருவது கஷ்டம்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. நல்ல கூடை இருபது வருடம் உழைக்கும். அப்படியானால் வாங்கியவரிடம் மறுபடி எதை விற்பது? கூடைக்குள் விரிக்கத் துணி, துணி அழுக்காகாமல் இருக்க பிளாஸ்டிக் உறை, மேலே மூட மர மூடி, கைப்பிடியில் தொங்க டை-ஆன். ஒவ்வொரு பண்டிகைக்கும் புது நிறம், புது உருவம். ஒரு புடவை எடுத்தால் அதற்கேற்ற ரவிக்கை, வளையல், தோடு என்று பட்டியல் நீள்வதில்லையா, அதே கதைதான். டை-ஆன் என்பது கூடை போட்டுக்கொள்ளும் தொங்கட்டான். கூடை ஒருமுறை விற்பனை, தொங்கட்டான் வருடா வருடம் விற்பனை. இன்றைக்குப் பிள்ளைகளின் புத்தகப்பையில் ஆடும் லபுபுவும் ஒரு டை-ஆன்தான், பைக்குக் கட்டியது.

2000-ம் ஆண்டில் அந்தக் கூடை நிறுவனத்தின் விற்பனை ஏறக்குறைய 100 கோடி டாலர். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். தலைமை அலுவலகத்தையே ஏழு மாடிக் கூடையாக 1997-ல் கட்டினார்கள். பனி உறையாமலிருக்க, மேலே இருக்கும் பிரம்மாண்டமான கைப்பிடிகளைச் சூடேற்றும் வசதியும் உண்டு. 2018-ல் நிறுவனம் மூடப்பட்டது. ஒரு காலத்தில் போட்டி போட்டு வாங்கிய கூடைகள் இப்போது அமெரிக்க வீட்டு வாசல் விற்பனைகளில் பழைய விலையின் சிறு பங்குக்கே போகின்றன. நிறுவனமே மூடிவிட்டதே, அப்படியானால் பழைய கூடைக்கு விலை ஏறியிருக்க வேண்டாமா? ஏன் ஏறவில்லை என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

இதுவரை: தங்கத்துக்கு உருக்கு மதிப்பு உண்டு, சேகரிப்புப் பொருளுக்கு ஆசைதான் மதிப்பு. அந்த ஆசையைத் திரும்பத் திரும்பத் தூண்டத்தான் துணைப்பொருள்களும் வருடாந்திர வெளியீடுகளும்.

## "லிமிட்டெட்" எதை வரையறுக்கிறது?

லிமிட்டெட் எடிஷன், அதாவது வரம்பிட்ட பதிப்பு என்றால், ஒரு பொருளை ஓர் எல்லைக்கு மேல் செய்ய மாட்டோம் என்று தயாரிப்பவர் தரும் வாக்கு. அவ்வளவுதான். எல்லை எது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் வகை, எண்ணிக்கை வரம்பு. "மொத்தம் 5,000 மட்டும், இது 1,243-வது" என்று அடியில் எழுதியிருக்கும். மூன்றில் இதுவே தெளிவானது. ஆனாலும் 5,000 என்பது ஆசைப்படுகிறவர்கள் 500 பேராக இருந்தால் அதிகம், 50,000 பேராக இருந்தால் குறைவு.

இரண்டாவது, கால வரம்பு. "இந்தப் பண்டிகைக்கு மட்டும்." நம்மை எளிதில் ஏமாற்றிவிடுவது இதுதான், ஏனென்றால் காலம் குறைவென்றால் பொருளும் குறைவு என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. துரியானை நினைத்துப் பாருங்கள். துரியான் காலம் சில வாரங்கள்தான். அதற்காகத் துரியான் குறைவாகவா வருகிறது? சாலையோரம் லாரி லாரியாக இறங்கும், விளைச்சல் உச்சத்தில் இருக்கும்போது விலை சரியும். காலத்துக்கு வரம்பு போட்டால் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டதாகாது.

இதற்கு இன்னும் நுட்பமான ஒரு வடிவம் அலங்காரத் தட்டு உலகில் இருந்தது. "150 சூளை நாள்களுக்கு மட்டும் சுடப்படும்" என்று சான்றிதழ் கொடுப்பார்கள். கேட்கக் கண்டிப்பாக இருக்கிறது, இல்லையா? நம் ரொட்டிச் சானாய் கடைக்காரர் "நூறு நாள்தான் ரொட்டி போடுவேன்" என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கல், ஒரு கல்லில் நாளுக்கு எத்தனை ரொட்டி என்று சொன்னாரா? சூளை எத்தனை, ஒரு நாளில் எத்தனை தட்டு சுடலாம் என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லவில்லை.

மூன்றாவது, ஓய்வு கொடுத்தல். எத்தனை செய்வோம் என்று முன்கூட்டியே சொல்லாமல், ஒரு நாள் திடீரென்று "இந்த உருவத்தை இனிச் செய்ய மாட்டோம்" என்று அறிவிப்பது. டை நிறுவனத்தின் பீனி பேபீஸ் என்ற குட்டித் துணி பொம்மைகள் 1993-ல் வந்து, 1990-களின் பிற்பாதியில் அமெரிக்காவையே ஆட்டிவைத்தது இந்த உத்தியால்தான். கடையில் சுமார் 5 டாலருக்கு விற்ற பொம்மை, ஓய்வு அறிவிப்பு வந்ததும் பல மடங்கு விலைக்குக் கைமாறியது. 1999-ல் லாஸ் வேகாஸ் நீதிமன்றம் ஒன்றில், விவாகரத்தான தம்பதி தரையில் உட்கார்ந்து பொம்மைகளை ஒன்றொன்றாகப் பங்கு பிரித்த புகைப்படம் இன்றும் உலவுகிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் நிறுவனம் எல்லாப் பொம்மைகளையும் நிறுத்தப்போவதாக அறிவித்தது. பிறகு, தொடரலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தித் தொடர்ந்தது. ஓய்வு என்பது தயாரிப்பவர் தரும் வாக்கு. அவரே அதைத் திரும்பவும் வாங்கிக்கொள்ள முடியும்.

அச்சு முறுக்கு சுடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். அச்சு ஒன்றுதான், முறுக்கு எத்தனை என்பதை மாவும் எண்ணெயும் சுடுகிறவரும் தீர்மானிக்கிறார்கள். ஆகவே "லிமிட்டெட்" என்ற சொல்லைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எதற்கு வரம்பு? எண்ணிக்கைக்கா, நாளுக்கா, வெறும் அறிவிப்புக்கா?

## அரிதாக்குவது குப்பைத்தொட்டி

சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய காமிக்ஸ் 1938-ல் வெளிவந்தது. விலை 10 காசு. சுமார் 2,00,000 பிரதிகள் அச்சடித்தார்கள், அதில் எந்த லிமிட்டெட்டும் இல்லை. பிள்ளைகள் படித்தார்கள், கிழித்தார்கள், அம்மாக்கள் வீட்டைச் சுத்தம் செய்யும்போது தூக்கிப் போட்டார்கள், போர்க்காலத்தில் பழைய காகிதத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். இன்று எஞ்சியிருப்பவை நூறு பிரதிகள் அளவில்தான் என்று மதிப்பிடுகிறார்கள். 2024-ல் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இப்போது இதற்கு நேரெதிரான ஒன்றைப் பாருங்கள். 10,000 மட்டும் செய்த எண்ணிட்ட பொம்மை. வாங்கிய பத்தாயிரம் பேருக்கும் அது லிமிட்டெட் என்று தெரியும். பெட்டியோடு, அட்டையோடு, சான்றிதழோடு பத்திரமாக வைக்கிறார்கள். முப்பது வருடம் கழித்து எத்தனை மிஞ்சும்? கிட்டத்தட்ட பத்தாயிரமும் மிஞ்சும். இரண்டு லட்சத்தில் நூறு அரிது. பத்தாயிரத்தில் பத்தாயிரம் அரிதல்ல.

நம் கண்முன்னே இருக்கும் எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். என் பாட்டி தோட்டத்தில் பால் மரம் சீவியவர். மரத்துக்கு மரம் கம்பியில் மாட்டியிருந்த மங்கு, ரப்பர்ப் பால் சொட்டும் அந்தக் கிண்ணம், அப்போது யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. கண்ணாடியிலும் மெருகிட்ட மண்ணிலும் செய்தவை உடைந்தால் அப்படியே கிடக்கும். பிறகு பிளாஸ்டிக் மங்கு வந்தது. அப்புறம் ரப்பர் மரங்களே போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் காலியானபோது மங்கை யார் மூட்டை கட்டினார்கள்? பாட்டி மட்டும் இரண்டைக் கொண்டுவந்து ஒன்றில் உப்பும் ஒன்றில் புளியும் போட்டு வைத்தார். இன்று ஈப்போவில் பழம்பொருள் விற்பவரிடம் ஒரு நல்ல கண்ணாடி மங்கைப் பார்த்தால், அதை முதலில் எடுத்துப் பார்ப்பது நம் வயதுத் தோட்டத்துப் பிள்ளைகள்தான். தூக்கிப் போட்டதால் குறைந்தது. அங்கே வாழ்ந்த வாழ்க்கை நினைவில் இருப்பதால் ஆசை நிற்கிறது. விலை என்பது இந்த இரண்டும் சந்திக்கும் இடம்.

கூடைகளின் விலை ஏன் விழுந்தது என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். 1990-களில் வாங்கிய அம்மாக்கள் யாரும் கூடையைத் தூக்கிப் போடவில்லை. வயதாகி வீட்டைச் சுருக்கும்போது எல்லோருடைய அலமாரியும் ஒரே சமயத்தில் திறந்தது. பிள்ளைகளுக்கு இடமும் இல்லை, அந்த ஆசையும் இல்லை. நிறுவனம் மூடினால் என்ன, பழைய கூடைகள் மொத்தமும் சந்தைக்கு வந்துவிட்டன. நம் வீடுகளில் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரி நிறைய, ஒரு நாளும் குடிக்காத கண்ணாடித் தம்ளர் செட்டுகள் இருக்குமே, அவற்றை யார் கேட்டு வருகிறார்கள்?

சுருக்கமாக: எத்தனை செய்தார்கள் என்பதைவிட எத்தனை எஞ்சின, இன்று எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பவையே விலையைத் தீர்மானிக்கின்றன. எல்லோரும் பத்திரப்படுத்தும் பொருள் அரிதாவதில்லை.

## மூடிய பெட்டியின் கணக்கு

லபுபு, ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த ஓவியர் காசிங் லுங் 2015-ல் படைத்த உருவம். சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் அதை 2019 முதல் பொம்மையாக விற்கிறது. உள்ளே எந்த உருவம் இருக்கிறது என்று தெரியாமலே வாங்கும் பெட்டிதான் பிளைண்ட் பாக்ஸ்.

ஆறு நிறங்கள் உள்ள தொகுப்பு என்று வைத்துக்கொள்வோம். பகடையில் ஆறு பக்கமும் விழுந்தாக வேண்டும் என்ற விளையாட்டு இது. ஒவ்வொரு பெட்டியும் தனியாகக் குலுக்கிப் போட்டது போல என்றால், உதிரியாக ஆறு பெட்டி வாங்குபவருக்கு ஆறும் வேறு வேறாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஆறையும் சேர்க்கச் சராசரியாகப் பதினைந்து பெட்டி அளவுக்கு வாங்க வேண்டியிருக்கும். கடைசி ஒன்றுக்காக மட்டும் சராசரியாக ஆறு பெட்டி! முழுத் தொகுப்பாகப் பிரிக்காமல் வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. சில தொகுப்புகளில் 72-ல் ஒன்று என்ற விகிதத்தில் ஒரு ரகசிய உருவமும் உண்டு. 72 பெட்டி வாங்கினால் அது நிச்சயம் என்று பலர் நினைக்கிறார்கள். வாங்கினாலும் கிடைக்காமல் போக நூற்றுக்கு முப்பத்தேழு வாய்ப்பு இருக்கிறது.

2025 ஜூனில் ஆள் உயர லபுபு ஒன்று பெய்ஜிங் ஏலத்தில் 10 லட்சம் யுவானுக்கு மேல் போனது. நம் ஊர் வரை வந்த செய்தி அது. அதே மாதம் நிறுவனம் சின்னப் பொம்மைகளைப் பெரிய அளவில் மறுபடி விற்பனைக்கு விட்டதும் சீனாவில் மறுவிற்பனை விலை சரிந்தது. இந்தச் செய்தி அவ்வளவாக வரவில்லை. அக்கா அலமாரியில் இருப்பவை இந்த இரண்டாவது வகை. ஒரு பெரிய சிலை விலைபோனதற்கும் தொழிற்சாலை நாளை மறுபடி செய்யக்கூடிய சின்னப் பொம்மைக்கும் சம்பந்தமில்லை.

## கேட்கும் விலை, விற்ற விலை

நிறுவனமும் கடையும் முதன்முதலில் விற்பது முதல் சந்தை. அதற்குப் பிறகு நீங்களும் நானும் ஒருவருக்கொருவர் விற்பது மறுவிற்பனைச் சந்தை. இங்கே ஒரு பொருளுக்கு முன்னூறு வெள்ளி என்று யார் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். அது கேட்கும் விலை. வாங்க ஆள் வந்து காசு கைமாறினால்தான் அது விலை. இணையச் சந்தையில் தேடும்போது விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். அஞ்சல் செலவும் தளத்துக்கான கட்டணமும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் கைக்கு வரும்.

இன்னொன்று, நம் ஊர் ஈரம். மரக்கூடையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், காற்றோட்டமாக வையுங்கள். வினைல் பொம்மைகள் வெப்பத்தில் நாளடைவில் பிசுபிசுப்பாகலாம், ஏனென்றால் பிளாஸ்டிக்கை மென்மையாக வைக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மேலே கசிந்து வருகிறது. பிரிக்காத பெட்டிக்குள்ளும் இது நடக்கும்.

## அக்கா வீட்டில்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு மேசையில் உட்கார்ந்து, விற்று முடிந்த விலைகளைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டு மூன்று பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பிரித்ததில் இரண்டு ஒரே நிறம். ஒன்றை வகுப்புத் தோழியிடம் மாற்றிக்கொள்வதாகச் சொன்னாள். இன்னொன்று அன்றைக்கே பள்ளிக்கூடப் பையில் ஏறிவிட்டது. மூன்றாவதைக் கட்ட என் கூடையிலிருந்து சிவப்பு நூல் அறுத்துக் கொடுத்தேன்.

மீதி இரண்டும் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன. "இருக்கட்டும் தம்பி, பார்ப்போம்" என்றார். பூட்டுவதற்கு முன், மருந்துப் புட்டியில் வந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டைத் தேடி எடுத்துப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தேன்.